லைட் எரியுது... பேச மாட்டேங்குது

"அது வேலைக்கு ஆகாதுங்க."

யார் கேட்டது இவனை?

அவள் வெடுக்கென்று திரும்பினாள். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவு குறுகலான உதிரிபாகக் கடை அது. இருபுறமும் தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன இழுப்பறைகள். நடுவில் வழியை அடைத்துக்கொண்டு நின்றான் அவன். நனைந்த சட்டை. மூக்குக்கண்ணாடி முழுக்க மழைத்துளி. அந்தத் துளிகளுக்குப் பின்னால் அகலமான, அமைதியான இரண்டு கண்கள்... அவளைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த உள்ளங்கை அளவு நீல சர்க்யூட் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

தன் முதல் கோபமே அதில்தான் வந்தது என்று அவள் ரொம்ப நாள் கழித்து ஒப்புக்கொண்டாள்.

"எது வேலைக்கு ஆகாது?"

"அந்த போர்டு. பழைய கீபோர்டைப் புது கம்ப்யூட்டர்ல மாட்டணும்னு சொன்னீங்கல்ல... காதுல விழுந்துச்சு."

"ஒட்டுக் கேட்டீங்களா?"

"ஐயோ, இல்லங்க. கடை சின்னது... நீங்களும் கொஞ்சம் சத்தமா..."

"ஓஹோ. நான் சத்தம் போடறேன்!"

கல்லாவுக்குப் பின்னால் இருந்த கடைக்காரர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வசதியாகச் சாய்ந்தார். மழை நாளில் வியாபாரம்தான் இல்லை, பொழுதாவது போகட்டும்.

"இல்லங்க, அந்த நீலப் போர்டு தானா பேசாது. அதான் சொல்ல வந்தேன்..."

"எனக்கு இதுதான் வேணும்," என்று அவள் கடைக்காரரிடம் திரும்பினாள். "பில் போடுங்க!"

குடையை விரித்துக்கொண்டு அவள் இறங்கிப் போனபோது அதிலிருந்து தெறித்த தண்ணீரெல்லாம் அவன்மேல்தான் விழுந்தது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. சரி... கொஞ்சம் வேண்டுமென்றுதான்.

அவளுடைய வேலை, காது கேளாதவர்களுக்காகப் படங்களின் அடியில் ஓடும் வரிகளை டைப் அடிப்பது. காதில் ஹெட்போன், கண் திரையில், விரல்கள் கீபோர்டில். யாரோ அழுவார்கள், யாரோ கெஞ்சுவார்கள், யாரோ மழையில் ஓடி வந்து மூச்சிரைக்கக் காதலைச் சொல்வார்கள். எல்லாவற்றையும் அவள் விரல்கள்தான் வாங்கிக்கொள்ளும். அந்த விரல்களுக்குப் பழகியது ஒரே ஒரு கீபோர்டு... மஞ்சள் பூத்த, கனமான, அழுத்தினால் கடக் கடக்கென்று பதில் சொல்லும் பழைய கீபோர்டு. ஆபீஸில் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் மாற்றியபோது இதைக் குப்பையில் போடப் போனார்கள். அவள் கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். ஆனால் புது மெஷினில் அதன் உருண்டைப் பின்னைச் செருக இடமில்லை. கடையில் கிடைத்த அடாப்டரை மாட்டிப் பார்த்தாள். வேகமாக அடித்தால் அது பாதி எழுத்தை முழுங்கியது. புதுசாகக் கொடுத்த தட்டைக் கீபோர்டிலோ அவள் விரல்கள் வழி தெரியாமல் தடுமாறின. 'ஒரு சின்ன போர்டு வாங்கினால் அடாப்டரை நீங்களே செய்யலாம்' என்று எங்கோ படித்ததும் கிளம்பிவிட்டாள். எந்த போர்டு என்பதைத்தான் சரியாகப் படிக்கவில்லை.

நீலப் போர்டோடு அவள் மல்லுக்கட்டாத மாலை இல்லை. அது எதற்கும் மசியவில்லை. 'தானா பேசாதுன்னு சொன்னானே... அப்படின்னா என்ன அர்த்தம்?' கேட்டிருக்கலாம். கேட்டால் குறைந்தா போய்விடும்?

அடுத்த விடுமுறைக்கு மறுபடியும் அதே கடை. மறுபடியும் மழை. போர்டுக்காகத்தான் போகிறோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்... பஸ்ஸில் ஒரு தடவை, இறங்கி நடக்கும்போது ஒரு தடவை.

அவன் இருந்தான். கீபோர்டுக்கான ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்து, கண்ணை மூடி, அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தான். பிடிக்காததை வலது பக்கம் வைத்தான். பிடித்ததை மறுபடி ஒருமுறை அழுத்திக் கேட்டு, லேசாகச் சிரித்து, இடது பக்கம் வைத்தான். பார்த்துக்கொண்டிருந்த அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கண்ணைத் திறந்தான்.

"வந்துட்டேன்," என்றாள். "'அன்னைக்கே சொன்னேனே'ன்னு ஒரு தடவை சொல்லிடுங்க. எனக்கும் நிம்மதியா இருக்கும்."

"சொல்லமாட்டேங்க. நானும் முதல் தடவை இதே நீலத்தைத்தான் வாங்கினேன்."

அந்த ஒரு பதிலில் அவளுடைய கோபமெல்லாம் வடிந்துபோனது. வைத்துக்கொள்ள ஆசைதான், இருந்தாலும் போய்விட்டது.

"சரி, தானா பேசாதுன்னா என்ன?"

அவ்வளவுதான். மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. "இதோ, இதுதான் மூளை. இது இன்னொரு சிப். கம்ப்யூட்டர்கிட்ட பேசறது மூளை இல்ல, நடுவுல இருக்கற இந்த சிப்தான். மூளை 'நான் ஒரு கீபோர்டு, நான் ஒரு கீபோர்டு'ன்னு என்ன கத்தினாலும் அந்தப் பக்கம் கேக்காது. கம்ப்யூட்டருக்கு நடுவுல இருக்கற ஆளை மட்டும்தான் தெரியும்."

"பாவம்."

"ரொம்பப் பாவம்ங்க. இந்தக் கறுப்புக் குட்டியைப் பாருங்க. இதுல நடுவுல ஆளே கிடையாது. மூளையே நேரா பேசும். 'நான் கீபோர்டு'ன்னு தானே சொல்லிக்கும்."

"இது?" அவள் இன்னொன்றை எடுத்தாள். "இதுதான் புதுசு, வேகம்னு எல்லாரும் எழுதறாங்களே."

"அதுவும் நேரா பேசும். நானா ஒரு கீபோர்டு செஞ்சா அதைத்தான் போடுவேன். வரிசை வரிசையா சாவி இருக்கும், நிறைய பின் வேணும். உங்களுக்கு ரெண்டே கம்பிதான். ஒண்ணு தாளம் போடும், ஒண்ணு தகவல் சொல்லும். ஆனா உங்க பழைய கீபோர்டு அஞ்சு வோல்ட்ல சத்தமா பேசற ஆள். இந்தப் புதுசு மூணு புள்ளி மூணுக்கு மேல தாங்காது. நேரா கோத்தா செத்துடும். நடுவுல வோல்ட்டைக் குறைக்க இன்னொரு குட்டி போர்டு வெக்கணும்."

"மறுபடியும் நடுவுல ஆளா? வேண்டவே வேண்டாம். கறுப்பே போதும்."

"அதான் நானும் சொல்ல வந்தேன்," என்று அவன் மலர்ந்து சிரித்தான். பேச்சு நின்றதும் அவனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"நான்... பல்..."

"பல்லா?"

"பல் டாக்டர் நம்மள உட்கார வெப்பாங்கல்ல... ஒரு நாற்காலி. ஏறும், இறங்கும், சாயும். அது பழுதானா நான்தான் போவேன். இன்ஜினியர்."

போர்டைப் பற்றி அருவியாகக் கொட்டிய வாய், தன்னைப் பற்றிக் கேட்டதும் இப்படித் திக்குகிறதே! அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. வேடிக்கைதானா? நெஞ்சுக்குள் ஏதோ சில்லென்று இறங்கியதே... மழைக்காற்றாக இருக்கும்.

கடையின் பின்கட்டில் கடைக்காரருடைய சால்டரிங் அயர்ன் இருந்தது. தகரக் கூரையில் மழை அடிக்க, அவன் குனிந்து அந்தக் கறுப்புக் குட்டியில் உருண்டைப் பின்னுக்கான சாக்கெட்டைப் பற்றவைத்தான். மெல்லிய புகை. மூச்சை அடக்கிய உதடு. இமைக்காத கண்கள். இந்தக் கண்கள் ஒரு மனுஷியை இப்படிப் பார்த்தால் அவள் என்ன ஆவாள் என்று நினைத்துப் பார்த்து, அவசரமாகக் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தன் லேப்டாப்பில் போர்டை மாட்டி, புரோகிராமை ஏற்றி, "பாருங்க, 'நான் கீபோர்டு'ன்னு சொல்லிடுச்சு" என்று பிள்ளை பெற்றவன் மாதிரி காட்டினான். நம்பர் மாற்றிக்கொண்டார்கள். அவள் தன் போனில் 'பல் நாற்காலி' என்று பதிந்துகொண்டாள்.

மறுநாள் காலையிலேயே பல் நாற்காலிக்கு போன் போனது.

"உங்க போர்டு செத்துப்போச்சு!"

"செத்துப்போச்சா? லைட் எரியுதா?"

"லைட் எரியுது... ஆனா பேச மாட்டேங்குது. எந்தச் சாவியை அடிச்சாலும் ஒரு எழுத்தும் வரல."

அந்தப் பக்கம் அவன் ஏதோ சொல்ல வந்து, அதை அப்படியே விழுங்கினான். பிறகு, "நான்... நேர்ல வந்து பார்க்கட்டுமா? சாயங்காலம்?"

சாயங்காலம் அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். பஸ்ஸில் வரும்போதே என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தான். கதவைத் திறந்தவர் அவளுடைய அப்பா. அவன் தோளில் தொங்கிய கருவிப் பையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குத்தானே? எத்தனை தடவை போன் பண்றது உங்களுக்கு? வாங்க, வாங்க."

"இல்ல சார், நான் வந்து..."

"கதவு சரியா மூட மாட்டேங்குது தம்பி. பாருங்க, தண்ணியா ஓடுது."

நான் உங்கள் மகளைப் பார்க்க வந்தேன் என்று எந்த மகராசன் ஒரு அப்பாவிடம் சொல்வான்? அவன் சொல்லவில்லை. சமையலறையில் மண்டியிட்டு, ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பரைக் கழற்றி, துடைத்து, வளைவை நிமிர்த்தி மாட்டிக்கொண்டிருந்தான். அப்பா பக்கத்தில் நின்று டார்ச் அடித்தார். "காலையில இருந்தே எல்லாம் கோளாறு தம்பி. என் போன் சார்ஜர் கேபிளைக்கூட யாரோ எடுத்துட்டுப் போய், இப்பதான் திரும்பி வந்துச்சு" என்று புலம்பினார்.

"அப்பா! அவர் எனக்காக வந்தவர்ப்பா!"

வாசலில் அவள் நின்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மண்டியிட்ட நிலையிலேயே அவன் நிமிர்ந்து பார்த்தான். சிரிக்கும்போது அவளுடைய இடது கண் கொஞ்சம் சின்னதாகும் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தான். அதற்கப்புறம் ரப்பரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

அவள் மேஜையில் போர்டின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். "இது சார்ஜ் ஏத்தற கேபிள்ங்க. கரண்ட் மட்டும் போகும், தகவல் போகாது. அதான் லைட் எரியுது, பேச மாட்டேங்குது." பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அடித்தாள். கடக் கடக் கடக்... திரையில் எழுத்துகள் ஓடின. அவள் அவ்வளவு வேகமாக அடித்தும் ஒன்றுகூட விடுபடவில்லை.

"தேங்க்ஸ்ங்க," என்றாள். அவனைப் பார்க்காமல் சொன்னாள். ஏன் பார்க்கவில்லை என்று அவன் இரவெல்லாம் யோசித்தான்.

அதற்கப்புறம் விடுமுறைக்கு விடுமுறை ஒரு சாக்கு கிடைத்தது. சாவிகளைக் கழற்றிக் கழுவ வந்தான். அடாப்டருக்கு ஒரு சின்னப் பெட்டி செய்துகொண்டு வந்தான். ஒருமுறை அவள் போன் மேஜையில் கிடக்கும்போது அவன் வாசலிலிருந்து கூப்பிட, திரையில் 'பல் நாற்காலி' என்று மின்னியதை அப்பா சத்தமாகப் படித்துவிட, மூன்று பேரும் சிரித்துத் தீர்த்தார்கள். வோல்ட் பற்றிப் பேசினான், ஸ்விட்ச் சத்தம் பற்றிப் பேசினான். டீ ஆறும்வரை பேசினான். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லாமல் போய்க்கொண்டிருந்தான். 'இன்னைக்குச் சொல்லுவான்...' என்று அவள் ஒவ்வொரு முறையும் வாசல்வரை கூடவே போவாள். "அப்ப வரேங்க" என்பான். அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது கூடத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். கணக்கு டீச்சருக்கே உரிய நிமிர்ந்த முதுகு. அப்பாவின் முகத்தில் அசட்டுச் சிரிப்பு.

"வாம்மா," என்றார் அந்த அம்மா. "நான் அவனோட அக்கா. என் தம்பிக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க அம்மா போனதுல இருந்து அவனுக்கு எல்லாம் நான்தான். ஸ்கூல்ல சீட்டு கேட்டது நான். வேலைக்குப் பேசினது நான். இதையும் நான்தான் கேக்கணும்னான். உனக்குச் சம்மதம்தானே?"

அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது... வந்த வேகத்திலேயே கோபமாக மாறிவிட்டது.

"அவருக்கு வாய் இல்லீங்களாக்கா?"

"என்னம்மா இப்படிக் கேக்கற?"

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நாள் முழுக்க நான் என்ன பண்றேன் தெரியுமா? யாரோ யாருக்கோ சொல்றதைக் கேட்டுக் கேட்டு டைப் அடிக்கிறேன். எத்தனையோ பேர் 'உன்னைப் பிடிச்சிருக்கு'ன்னு சொன்னது இந்தக் கை வழியாத்தான் போயிருக்கு. ஒண்ணுகூட எனக்குச் சொன்னது இல்ல. எனக்குன்னு ஒண்ணு வரும்போது... அதையும் வேற யாரோ வந்து படிச்சுக் காட்டினா எப்படிக்கா? நடுவுல சிப் வெச்ச போர்டு எனக்கு வேண்டாம்னு சொல்லுங்க. அவருக்குப் புரியும்."

"சிப்பா?" என்றார் அக்கா. அப்பாவைப் பார்த்தார். அப்பா ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

அக்கா போய்ச் சொன்னதைக் கேட்டு அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "என்னடா, அந்தப் பொண்ணு சிப்புங்குது, போர்டுங்குது... வேண்டாம்னு அர்த்தமா?" அக்கா தலையைப் பிடித்துக்கொண்டார். "இந்தத் தடவை என்னால முடியாதுடா. நீயே போ." அவனுக்குத் தெரிந்தது... இதைச் சொல்லாவிட்டால் அவளை இழந்துவிடுவான். அக்கா போய்ப் பேசி வாங்கித் தருகிற சமாச்சாரம் இல்லை இது.

மறுநாள் மதியம். ஆபீஸ் ஸ்டூடியோவில், தினமும் அடாப்டரோடு கூடவே தூக்கிவரும் பழைய கீபோர்டின் முன்னால் அவள் ஹெட்போனோடு இருந்தபோது வரவேற்பறைப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "உங்களைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்கார். பேர் கேட்டா 'பல் நாற்காலி'ங்கறார். மழையில தொப்பலா நனைஞ்சிருக்கார்... அனுப்பவா?"

சத்தம் புகாத அந்தச் சின்ன அறைக்குள் அவன் வந்து நின்றான். சட்டை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பேசாமல் ஒரு குட்டிப் பெட்டியை மேஜையில் வைத்தான். அதில் ஒரே ஒரு சாவி. சிவப்பு.

"கறுப்பு போர்டுதாங்க. நேரா பேசும். மாட்டிட்டு இதை அழுத்தினா... நான் சொல்ல வேண்டியது ஸ்கிரீன்ல வரும்."

அவள் அந்தச் சாவியின்மேல் விரலை வைத்தாள். அழுத்திவிடலாம் போல இருந்தது. எவ்வளவு ஆசையாகச் செய்திருக்கிறான்! அழுத்தவில்லை. பெட்டியை மெதுவாக அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இதுவும் நடுவுல ஆள்தானே?"

அவன் பெட்டியைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். "எனக்கு... இப்படித்தாங்க வரும்..."

"வராட்டிப் பரவாயில்ல. திக்கட்டும். தப்பும் தவறுமா வரட்டும். வாயால சொல்லுங்க."

அவள் படபடப்பைக் காட்டிக்கொள்ளாமல் திரையின் பக்கம் திரும்பிக் கீபோர்டில் கை வைத்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள அவளுக்கும் ஏதாவது வேண்டியிருந்தது.

"அன்னைக்கு... நீங்க போன் பண்ணப்பவே..." என்று அவன் ஆரம்பித்தான். "'லைட் எரியுது'ன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும், கேபிள்தான்னு. 'வேற கேபிள் போட்டுப் பாருங்க'ன்னு சொல்லியிருந்தா போதும். வேணும்னேதான் சொல்லல. சொல்லிட்டா நான் வர முடியாதே..." ஒரு பெருமூச்சு. "நானும் அந்தக் கேபிள் மாதிரிதாங்க. உள்ள எல்லாம் எரியுது. ஒரு வார்த்தை வர மாட்டேங்குது. அக்காவை அனுப்பினது தப்பு. நீங்க முடியாதுன்னு சொன்னா அதை என் காதால கேக்கப் பயந்துட்டேன். இப்பவும் பயம்தான். ஆனா... பிடிச்சிருக்குங்க. உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. என் வாழ்க்கை முழுக்க உங்ககூட இருக்கணும்."

கடக் கடக் என்று சத்தம் கேட்டு அவன் நிமிர்ந்தான். திரையின் அடியில் அவன் சொன்ன அத்தனையும் வரிவரியாக நின்றது. திக்கியது, திணறியது, புள்ளிகள், பெருமூச்சு எல்லாம். பழக்கதோஷத்தில் அவள் விரல்கள் தாமாக அடித்திருந்தன. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அவள் அந்தச் சிவப்புச் சாவிப் பெட்டியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "இது என்கிட்ட இருக்கட்டும். நாம சண்டை போட்டு, நீங்க உம்முன்னு உட்கார்ற அன்னைக்கு அழுத்திக்கறேன்."

"நாம... சண்டையா? அப்படின்னா..."

"அப்படின்னா, நானும் ஒண்ணு சொல்லணும்."

அவள் கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

"அன்னைக்கு... போனை வெச்சதும் எனக்கே சந்தேகம் வந்துச்சு. அப்பாவோட போன் கேபிளை எடுத்து மாட்டிப் பார்த்தேன்." இடது கண் கொஞ்சம் சின்னதானது. "கீபோர்டு உடனே வேலை செஞ்சுது."

"செஞ்சுதா? அப்ப நான் வரும்போது..."

"கழட்டிட்டேன். நீங்க வர்றதுக்குள்ள பழைய கேபிளையே திரும்ப மாட்டி வெச்சுட்டேன். சரியாயிடுச்சுன்னு சொன்னா நீங்க வரமாட்டீங்களே..." அவள் மூச்சை இழுத்து விட்டாள். "எனக்கும் பிடிச்சிருக்கு. நீலப் போர்டு வாங்கின அன்னைக்கே பிடிச்சுப்போச்சு."

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நனைந்த சட்டையிலேயே துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டான். துடைத்ததில் ஒன்றும் பிரயோஜனமில்லை, துளிகள் அப்படியேதான் இருந்தன. அந்தத் துளிகளுக்குப் பின்னால் அகலமான அந்த இரண்டு கண்கள் அவளையே பார்த்தன. மேஜையில் கீபோர்டோடு கோத்திருந்த அந்தக் கறுப்பு போர்டு சிவப்பு விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.